கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்

டர்ர்ர் என்று தெருவுக்கு அந்தப் பக்கம் எங்கோ கான்கிரீட்டை உடைக்கிறார்கள். பெங்களூரில் இந்தச் சத்தத்துக்கு யாரும் தலையைத் திருப்புவதில்லை. காக்கை கரைந்தால் யார் திருப்புகிறார்கள்? நான் திருப்புகிறேன். அடுப்பில் பால் பொங்க இருந்தாலும் திருப்புகிறேன். என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே எழுந்து காற்றில் எதையோ அளக்கப் போகின்றன. இழுத்துப் பிடித்து மடியில் போட்டுக்கொள்கிறேன்.

இந்தக் கைகளைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நீங்கள் புதிதாக வகுப்பெடுக்க வந்திருக்கிறீர்கள். ஜோகுபாளையத்தில் பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில், பன் வேகும் வாசனை ஏறி வரும் அந்த நீளமான அறைக்கு. நான் அதைவிட்டுப் போய்விட்டேன். ஓய்வு என்று சொல்லிக்கொள்ளும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. தொண்டைக்கு மட்டும் முதலில் வந்துவிட்டது. குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனி வகுப்பு வேண்டாம் என்றார் டாக்டர். நர்ஸுகளுக்கு ஆங்கிலம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். போகட்டும். அதில் வருத்தமில்லை. வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது.

பாடத்திட்டம் உங்களிடம் இருக்கும். எந்த வாரம் எதை நடத்துவது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மிடம் வருகிற பெண்கள் குழந்தையின் நூல் போன்ற நரம்பில் ஊசி ஏற்றத் தெரிந்தவர்கள். மூச்சு நின்ற நெஞ்சை அழுத்தி அழுத்தி உயிரைத் திருப்பி வாங்கியவர்கள். ஆனால் 'போன வருஷத்திலிருந்து', 'மூணு வருஷமா', 'திங்கட்கிழமை காலையில்' என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய இடம் வந்தால், இருட்டு மாடிப்படியில் கடைசிப் படியைத் தேடுவதுபோல் காலால் துழாவுவார்கள். அட், ஆன், இன். சின்ஸ், ஃபார். சுண்டைக்காய் அளவுச் சொற்கள். வெளிநாட்டு மருத்துவமனைக்காரர்கள் வீடியோவில் உட்கார்ந்து கேட்பதோ காலமும் இடமும்தான். எங்கே வேலை செய்தாய், எப்போதிலிருந்து, எவ்வளவு காலம், அந்த நோயாளி அந்த நேரத்தில் எங்கே இருந்தார்.

ஜெசிந்தாவும் அப்படித் துழாவிக்கொண்டு வந்தவள்தான். குழந்தைகள் வார்டு நர்ஸ். சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சந்தில் பிறந்து வளர்ந்தவள். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். கணவன் இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை பார்த்தான். அவனுடைய விசாவில் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள வழியில்லை. அவளே நர்ஸாகத் தேர்வானால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம். மூன்று பேர் ஒரு வீட்டில் இருக்க வேண்டுமென்றால் அவள் ஒரு நேர்காணலில் தேற வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அவர்கள் மகளுக்கு அப்பா என்பது போனில் தெரிகிற ஒரு முகம். சார்ஜ் தீர்ந்துபோனால், "அப்பா தூங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுமாம் அந்தக் குழந்தை.

முதல் வாரமே ஜெசிந்தா என்னை மடக்கினாள்.

"தமிழ்ல பாருங்க மிஸ். ஆஸ்பத்திரில, பஸ்ல, ஸ்டாப்புல, மாடில, ஜூன்ல. எல்லாத்துக்கும் ஒரே 'ல'. நம்மாளுங்க சிக்கனம். இவங்க எதுக்கு மூணு வெச்சிக்கினு பேஜார் பண்றாங்க?"

"அவங்க ஊர்ல குளிர் ஜாஸ்திம்மா. ஒண்ணு போதல போல."

"அப்ப நான் ஒரு ஸ்வெட்டர் சேத்துப் போட்டுக்கறேன். 'ல'வையே வெச்சிக்கறேன்."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அடுத்த வாக்கியத்திலேயே மறுபடி தடுக்கி விழுந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துப் பழைய பங்களாவை அபார்ட்மென்ட்டுக்காக இடிக்க ஆரம்பித்தார்கள். டிரில்லிங் மிஷின் ஓடினால் நம் ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடிக்கும். என் குரல் முன் பெஞ்சைக்கூடத் தொடாது. மாதிரி நேர்காணல் நடத்திக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியத்தில் ஜெசிந்தா நிற்பாள், நான் கத்துவேன், அவளுக்குக் கேட்காது. ஒரு நாள் கத்திச் சலித்து, அறையின் இடது மூலையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையால் காட்டினேன்.

உள்ளங்கையில் ஒரு விரல் நுனியை வைத்தால் 'அட்'. கைமேல் கையைப் படிய வைத்தால் 'ஆன்'. கைக்குள் கையைப் பொத்தினால் 'இன்'. தோளுக்குப் பின்னால் கட்டை விரலைக் காட்டினால் 'சின்ஸ்'. 'ஃபார்' என்பதற்கு என் கை தானாகவே அல்சூர் மார்க்கெட் பூக்காரியின் கையாகிவிட்டது: முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, காலத்தை நீட்டிப் பிடித்து அளந்தேன்.

"முழம்!" என்று கத்தினாள் ஜெசிந்தா, மிஷினுக்கு மேலே. "ஃபார்னா முழம் போடறது! இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா மிஸ்?"

அன்றைக்கு அவள் ஒரு தப்பும் இல்லாமல் பேசினாள். வார்டு, ஷிப்ட், வருடம், மாதம் எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன. எனக்குப் பறக்காத குறை. சத்தத்தையே பாடமாக்கிவிட்டோம் என்று நினைத்தேன். டிரில்லிங் மிஷின் ஓட ஆரம்பித்தால் அவள் கண் தானாக இடது மூலைக்குப் போகும். அங்கே என் கை இருக்கும். வீட்டிலும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"பாப்பாவுக்கும் முழம் வந்துடுச்சி மிஸ். அப்பா எப்ப வருவாருன்னு கேக்கறதில்ல இப்பல்லாம். கைய நீட்டி அளந்து காட்டி, இவ்ளோவான்னு கேக்கறா."

எல்லோரும் சிரித்தோம். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

பயிற்சி நிலையத்தை நடத்திய பெரியவருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பெயர் வேண்டாம், நீங்கள் அவரைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒக்கலிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். கன்னடக்காரர், என்னோடு தமிழில்தான் சண்டை போடுவார். ஒரு மாலை கதவருகே நின்று என் கையாட்டத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்.

"பேடம்மா, வேணாம். அவ உன் கையப் படிக்கறா. இங்கிலீஷ் படிக்கல்ல."

"இந்தச் சத்தத்துல வேற என்ன சார் பண்றது?"

"நிக்கற வரைக்கும் சும்னே உக்காரு. நின்னப்புறம் பேசு."

"சும்மா உக்காரவா சார் சம்பளம்?"

"சும்மா உக்காரத்தான் ஜாஸ்தி சம்பளம் குடுக்கணும். நான் குடுக்கல்ல, அது வேற விசயம்."

சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அவர் சொன்னது ஏதோ கணக்குக்காரர் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். நம் தொழிலில் கெட்டிக்காரத்தனத்துக்கு உடனே பலன் தெரியும், பொறுமைக்குத் தெரியாது. அதனால்தான் நாம் எப்போதும் கெட்டிக்காரத்தனத்தின் பக்கம் சாய்கிறோம். நீங்களும் சாய்வீர்கள். சாயும்போது ஜெசிந்தாவை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் இவ்வளவும்.

நேர்காணல் நம் அறையிலேயே நடந்தது. அவள் வீட்டில் நெட்வொர்க் நிற்காது, சந்தில் எந்நேரமும் யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். தேர்வுக்கு வருபவர் அறையில் தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. நீல நிறச் சட்டையில், முடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேசையையும் லேப்டாப்பையும் சரி செய்துவிட்டு இடது மூலையைக் காட்டினாள்.

"அங்க உக்காருங்க மிஸ். கேமராவுல தெரியாது."

"கூடாதும்மா. ரூல்."

"கை காட்டறது பேச்சா மிஸ்? வாயத் தொறக்கவே வேணாம்."

"உனக்கு இப்ப என் கை தேவையில்ல ஜெசிந்தா."

"அது எனக்குத் தெரியும். என் கண்ணுக்குத் தெரியணுமே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். எச்சரிக்கைகள் அழுதுகொண்டு வருவதில்லை.

பக்கத்து மனைக்குப் போய் மேஸ்திரியைப் பார்த்தேன். தர்மபுரிக்காரர். நேர்காணல் முடியும்வரை மிஷினை நிறுத்தச் சொன்னேன்.

"பரீட்சையா மேடம்? நிறுத்திடறேன். ஓனர் வந்தா மட்டும் நீங்கதான் பேசணும். என்னைய உரிச்சி வெச்சிடுவாரு."

மிஷின் நின்றது. தெரு திடீரென்று அகலமானது போலிருந்தது. பெரியவர் மாடிப்படியில் இறங்கி வந்தார்.

"கதவுக்கிட்ட நிக்காதே. கீழ உக்காந்து காபி குடி. முடிஞ்சா அவளே வருவா."

பேக்கரி வாசலில் காபியோடு நின்றேன். மேலே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் பேசிக்கொண்டிருப்பாள். எனக்குள் நானே அவள் வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு கையில் டம்ளர், மறு கை தொடையில் தட்டிக்கொண்டு: இங்கே புள்ளி, இங்கே படிவு, இங்கே முழம். காபி ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

மேஸ்திரி எங்கோ சிமென்ட் லாரியைப் பார்க்கப் போயிருக்கிறார்; டீ குடித்துவிட்டு வந்த ஆள், யாரும் சொல்லாததால், விட்ட இடத்தில் ஆரம்பித்துவிட்டான். அவனைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது?

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. இடது பக்கம் மனை. போய்க் கையை ஆட்டினால் மிஷின் நிற்கும். வலது பக்கம் மாடிப்படி. யோசிக்க நேரமில்லை என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன். நேரம் இருந்தது. மேசை மேல் டம்ளரை வைத்தேனே, அந்த அளவுக்கு நேரம் இருந்தது. நான் மாடிப்படியில் ஓடினேன்.

உள்ளே நடந்ததை ஜெசிந்தா பிற்பாடு சொன்னாள். அதுவரை நன்றாகப் போயிருக்கிறது. நரைத்த முடியோடு ஓர் அம்மாளும், ஓர் இளைஞரும் திரையில். வார்டில் நீ எடுத்த கஷ்டமான முடிவு ஒன்றைச் சொல் என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். மூச்சுத் திணறி வந்த ஒரு கைக்குழந்தையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். எப்போது கொண்டுவந்தார்கள், எவ்வளவு நேரமாகத் திணறல், டாக்டர் எங்கே இருந்தார், அவர் வருவதற்குள் இவள் என்ன செய்தாள். அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாராம். குழந்தைக்கு என்ன ஆனதென்று சொல்லப்போகிற இடத்தில்தான் சத்தம் கிளம்பியது. சத்தம் கேட்டதும் அவள் கண் இடது மூலைக்குப் போனது. காலி நாற்காலி. திரும்பி வந்தது. மறுபடி போனது. எத்தனையோ மாலைகளாக நான் பழக்கிய கண்.

திரையில் இருந்த இளைஞர், அறையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். அது உண்மை. தயவுசெய்து அறையைச் சுற்றிக் காட்ட முடியுமா என்றார். அவள் லேப்டாப்பைத் தூக்கினாள்.

அந்த நேரத்தில்தான் நான் கடைசிப் படியில் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது. வார்த்தை கிடைக்காமல் நிற்கிற முகம் என்று நினைத்தேன். அவள் வார்த்தைக்காக நிற்கவில்லை, நிரூபிப்பதற்காக நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அது தெரியாது. லேப்டாப் மெதுவாகத் திரும்பியது: வெள்ளைப் பலகை, ஜன்னல், காலி நாற்காலி, சுவர், கதவு. கதவில் நான். எனக்கு முன்பே என் கைகள் அங்கே போய்விட்டிருந்தன. முழங்கை மடிந்து, விரல்கள் நீண்டு, கண்ணாடியில் படுகிற மாதிரி ஒரு முழம்.

மிஷின் நின்றது. மேஸ்திரி ஓடி வந்து நிறுத்தியிருக்கிறார்.

அந்த அமைதியில் நான் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பேசினேன். அது இன்னொரு தவறு. இவை பதில்கள் அல்ல, காலத்துக்கும் இடத்துக்குமான சின்னச் சொற்களைக் காட்டும் சைகைகள், அவள் என்னைப் பார்க்கவே இல்லை என்று சுத்தமான ஆங்கிலத்தில், ஒரு பிழையில்லாமல் சொன்னேன். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். நரைத்த முடி அம்மாள் ஜெசிந்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை, ஏமாற்றம், அது இன்னும் மோசம். விதி விதிதான் என்றார்கள். நன்றி சொன்னார்கள். திரை கறுத்தது.

கறுத்த திரையில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம்.

"அந்தக் கொழந்த பொழச்சிக்கிச்சி மிஸ்," என்றாள் ஜெசிந்தா. "அத சொல்லவே இல்ல நான்."

பிறகு லேப்டாப்பை மூடிவிட்டு, "சத்தம் வர்ற வரைக்கும் அந்த மூலைய நான் பாக்கவே இல்ல மிஸ். ஒரு தடவ கூட" என்றாள்.

குற்றம் சாட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் வார்டு நர்ஸ் பேசுகிற குரலில் பேசினாள். நடந்தது இது, நடந்த நேரம் இது.

பெரியவர் அன்று என்னைத் திட்டவில்லை. மாடிப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சும்னே உக்காரது கஷ்டம்மா. எனக்கும் வராது. அதனாலதான் பாடம் எடுக்கறத விட்டுட்டு ஆபீஸ் பாக்கறேன்" என்றார். அவருக்கும் ஒரு கண்ணாடிக் கதவு இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை.

நர்ஸுகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர்களிடம் ஜெசிந்தாவும் நானும் நடந்தோம். அந்த மருத்துவமனை இனி அவளைப் பார்க்காது என்றார்கள். மற்றவை எப்போது ஆள் எடுக்கும் என்று சொல்ல முடியாது, அங்கே இப்போதெல்லாம் குறைத்துவிட்டார்கள் என்றார்கள். காத்திருக்க அவளுக்கு மனம் இல்லையோ, என் வகுப்புக்குத் திரும்பி வர மனம் இல்லையோ. மஸ்கட்டில் ஒரு வேலை வந்தது. போனிலேயே பேசி எடுத்துக்கொண்டார்கள், கேமரா இல்லை. குழந்தையைக் கூட்டிப்போக முடியாது. கணவன் ஓர் ஊரில், அவள் ஓர் ஊரில், பிள்ளை அக்கா வீட்டில். ஒரே வீட்டுக்காகத் தொடங்கியது மூன்று கடிகாரங்களில் போய் முடிந்தது.

உங்களுக்குச் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் தடுமாறும்போது உங்களுக்குக் கை துருதுருக்கும். அந்த நேரத்தில் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். பக்கத்து மனையிலிருந்து வரலாம், பயத்திலிருந்து வரலாம், உங்களிடமிருந்தே வரலாம். அதைப் போய் நிறுத்துங்கள். வாக்கியத்தை அவர்களிடம் விட்டுவிடுங்கள். தப்பாக வரட்டும். 'ல'வாகவே வரட்டும். அவர்கள் கண் தேடும் மூலையில் நீங்கள் போய் உட்கார்ந்துவிட்டால், நீங்கள் இல்லாத அறையிலும் அது உங்களைத் தேடும்.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பார்த்துத் தெரிந்துகொண்டேன், ஆனால் என் பிழைக்கு விலை கொடுத்தது வேறொருத்தி.

அவள் கிளம்பிய மதியம் சந்துக்குப் போயிருந்தேன். போகலாமா கூடாதா என்று சர்ச் சுவரருகே நின்று யோசித்துவிட்டுத்தான் போனேன். வாசலில் டாக்ஸி நின்றிருந்தது. பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். அதே நீல நிறச் சட்டை.

"வந்துட்டீங்களா மிஸ்," என்றாள். அதில் வரவேற்பும் இருந்தது, இல்லாமலும் இருந்தது.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கைகள் கூடவே எழுந்தன. அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் தோளை ஒரு தட்டு தட்டினாள், ஊசி போட்டு முடித்த பிள்ளையைத் தட்டுவது போல.

"ஹெப்பாள்ல ஜாம் மேடம், ஹொத்தாகுத்தே," என்றார் டாக்ஸிக்காரர். நேரமாகிறதாம்.

"பந்தே அண்ணா, ஒந்து நிமிஷா," இதோ வந்துவிட்டேன் என்றாள் ஜெசிந்தா.

குழந்தை அக்காவின் இடுப்பிலிருந்து வழுகி இறங்கி வந்தது. அழவில்லை. எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. அம்மாவின் முன்னால் வந்து நின்று, குட்டிக் கையை நீட்டி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்தது. ஒரு முழம். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பதில் வராததால் அந்த முழம் முடிந்த இடத்திலிருந்து இன்னொன்று. அதற்கும் வராததால், சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று.

ஜெசிந்தா மண்டியிட்டாள். அந்த இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

"அளக்காத பாப்பா," என்றாள். "அளந்தா நீளும்."